வீட்டு வை-ஃபையில் தெரியாத கருவி: முதலில் எண்ணுவோம், பிறகு பூட்டுவோம்

2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எழுவான்கரை, படுவான்கரை என்ற பேதமின்றிப் பிள்ளைகளின் படிப்பு கைத்தொலைபேசிக்கு மாறியது. வசதி செய்துகொள்ளக்கூடிய வீடுகளில் சிம் அட்டை போடும் ரவுட்டர் பெட்டியும் வந்து சேர்ந்தது. தொற்றுக்காலம் போய்விட்டது; பெட்டி நின்றுவிட்டது. பிள்ளைகளின் பாடம், வெளிநாட்டில் இருக்கும் மகனுடனான பேச்சு, நெல் விலை விசாரிப்பு எல்லாம் இன்று அதனூடாகவே நடக்கின்றன. ஆனால் அந்தப் பெட்டியைக் காவல் செய்வது எப்படி என்பதை நமக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். 2007 ஆம் ஆண்டுப் போரில் ஊரை விட்டு ஓடி, முகாமிலும் உறவினர் வளவிலும் இருந்து, திரும்பி வந்து மீண்டும் வயல் செய்யத் தொடங்கிய குடும்பம். கூலிக் காசில் மாதம் ஒருமுறை டேட்டா போடுகிறார்கள். மகள் உயர்தரம் படிக்கிறாள். முன்பு இருபத்தைந்து நாள் நின்ற டேட்டா இப்போது பத்து நாளில் முடிகிறது. மகன் ரவுட்டருக்குள் போய்ப் பார்க்கிறான். வீட்டில் இருப்பது மூன்று போன். பட்டியலில் இருப்பதோ ஆறு கருவிகள். "நம்மட வை-ஃபையை ஆரோ களவெடுக்கிறாங்கள்" என்ற பேச்சு எழுகிறது. பக்கத்து வளவுப் பொடியன் வேலியோரம் நின்று போன் பார்ப்பது நினைவுக்கு வருகிறது. அன்று மாலையே வேலிச் சண்டை தொடங்கிவிடக்கூடும்.

இந்த நிலையில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சுருக்கமாகச் சொன்னால், யாரையும் குற்றம் சொல்லுமுன் நமது கருவிகளை நாமே எண்ண வேண்டும். எண்ணியபின், யார் வந்தார் என்று தேடி அலையாமல், பூட்டை மாற்ற வேண்டும்.

ஒரு வாய்க்கால், பல வயல்கள்

ரவுட்டர் செய்யும் வேலை எளிமையானது. வெளியிலிருந்து வரும் ஓர் இணைப்பை எடுத்து, வீட்டிலுள்ள பல கருவிகளுக்கு வானலை மூலம் பங்கிடுகிறது. வட்டையில் ஒரு வாய்க்கால் பல வயல்களுக்குத் தண்ணீர் கொடுப்பது போன்றது இது. வாய்க்காலில் வரும் தண்ணீர் ஓர் அளவுதான். இடையில் ஒருவர் இரவோடிரவாக வரம்பை வெட்டித் தன் பக்கம் திருப்பினால், கடைசி வயல் காயும்.

இங்கே இரண்டு விடயங்களை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, வானலைக்குக் கிடுகு வேலி தெரியாது. சீமெந்துச் சுவர் அதனைக் குறைக்கும்; ஓலையும் பலகையும் தகரமில்லாத கொட்டிலும் அதனைப் பெரிதாகத் தடுப்பதில்லை. திறந்த வெளியில் சாதாரண வீட்டு ரவுட்டரின் அலை பல பத்து மீற்றர் தூரம் செல்லும். ஆகவே நமது வளவுக்கு வெளியே வீதியில் நிற்பவரின் போனிலும் நமது வை-ஃபையின் பெயர் தெரிவது இயல்பு. பெயர் தெரிவதால் உள்ளே வந்துவிட்டார் என்று பொருளல்ல. கடவுச்சொல் இருந்தால்தான் உள்ளே வரலாம்.

இரண்டாவது, உள்ளே எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்கு அவை எல்லாம் ஒரே இணைப்பாகவே தெரியும். அந்த இணைப்பு யாருடைய அடையாள அட்டையில் எடுக்கப்பட்டதோ, சேவை நிறுவனத்தின் பதிவில் இருப்பது அவருடைய பெயர்தான்.

ஏன் அக்கறை கொள்ள வேண்டும்?

முதல் காரணம் பணம். சாதாரணத் தரத்தில் ஒரு மணித்தியாலம் வீடியோ பார்த்தால் ஏறக்குறைய ஒரு ஜீ.பி. வரை செலவாகலாம். உயர் தரத்தில் பார்த்தால் அது மூன்று ஜீ.பி. அளவுக்கும் போகும். தெரியாத ஒரு போன் தினமும் இரவில் இரண்டு மணித்தியாலம் படம் பார்த்தால், நமது மாதக் கணக்கு எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது காரணம் பெயர். 2008 ஜூலை 26 ஆம் திகதி இந்தியாவின் அகமதாபாத் நகரில் தொடர் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சற்று முன்னர் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. அது எந்த இணைப்பிலிருந்து அனுப்பப்பட்டது என்று பொலிஸார் தேடிப் போனபோது, நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டின் இணைப்பில் போய் நின்றது. அவரது கணினிகள் பரிசோதனைக்கு எடுக்கப்பட்டன. அவர் விசாரணைக்கு முகம்கொடுத்தார். சரியாகப் பூட்டப்படாத அவரது வை-ஃபையை வேறு ஆட்கள் வெளியிலிருந்து பயன்படுத்தியிருந்தனர் என்பது பின்னர்தான் தெரியவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 13 ஆம் திகதி டெல்லிக் குண்டுவெடிப்பின்போதும் மும்பை செம்பூரில் உள்ள வேறொருவரின் வை-ஃபை இதே விதமாகப் பயன்படுத்தப்பட்டது. 2009 இல் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, வை-ஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைத்திருப்பது பற்றிச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் விடுத்தது.

இவ்வளவு பெரிய காரியம் நமது கிராமத்தில் நடக்கும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவரின் பேஸ்புக் அவதூறு, ஒரு பெண் பிள்ளையின் படத்தை வைத்து அனுப்பிய மிரட்டல், இவை எந்த ஊரிலும் நடக்கக்கூடியவை. விசாரணை வந்தால் முதற் கேள்வி இணைப்பின் சொந்தக்காரரிடம்தான் வரும். "உங்கட வீட்டிலயிருந்துதான் போயிருக்கு" என்ற சொல்லின் பாரம் என்னவென்று போர்க்காலத்தில் வாழ்ந்த நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது காரணம் வீட்டுக்குள் இருக்கும் மற்றைய கருவிகள். உள்ளே வந்த கருவி ரவுட்டரின் அமைப்புகளைத் திறந்து பார்க்க முயலலாம். கடவுச்சொல் மாற்றாத கமரா இருந்தால் அதன் காட்சியையும் பார்க்கலாம். வங்கிச் செயலிகளும் வட்ஸ்அப்பும் தமது செய்திகளைப் பூட்டியே அனுப்புகின்றன. ஆதலால், அதே வை-ஃபையில் ஒருவர் இருப்பதால் மட்டும் நமது வங்கிக் கணக்கை வாசித்துவிட முடியாது. வீண் பயம் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

பட்டியலைப் பார்ப்பது எப்படி?

ரவுட்டரைத் திருப்பி அதன் அடியில் ஒட்டப்பட்டுள்ள தாளைப் பாருங்கள். வை-ஃபையின் பெயர், அதன் கடவுச்சொல், ரவுட்டருக்குள் செல்லும் முகவரி, உள்நுழையும் பெயர், அதற்கான கடவுச்சொல் ஆகியவை அங்கே அச்சிடப்பட்டிருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். சில பெட்டிகளில் வேறாகவும் இருக்கலாம். தாளில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நமது வை-ஃபையில் இணைந்துள்ள ஒரு போனில், இணையப் பக்கங்களைப் பார்க்கும் செயலியைத் திறந்து, மேலே முகவரி எழுதும் இடத்தில் அந்த இலக்கங்களை அடியுங்கள். உள்நுழைந்தபின் 'கனெக்டட் டிவைசஸ்' அல்லது 'கிளையண்ட்ஸ்' என்ற ஆங்கிலத் தலைப்பின் கீழ்ப் பட்டியல் இருக்கும். சில நிறுவனங்கள் இதற்கெனத் தமது செயலியையும் வைத்திருக்கின்றன. ஆங்கிலம் வாசிக்கச் சிரமமானால் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெற்றோரும் கூட இருந்து பார்ப்பது நல்லது.

பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும் ஒரு நீண்ட அடையாள எண்ணும் இருக்கும். இந்த அடையாள எண் 'மக் முகவரி' எனப்படும். பூச்சியம் முதல் ஒன்பது வரையான இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் கலந்து, இரண்டிரண்டாக ஆறு சோடிகள், மொத்தம் பன்னிரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் மூன்று சோடிகள் அக்கருவியைச் செய்த நிறுவனத்தைக் காட்டும். பட்டியில் மாட்டுக்குக் குறிசுடுவது போன்ற ஓர் அடையாளம் என்று இதனை எண்ணிக்கொள்ளலாம்.

பெயர் தெரியாதவை எல்லாம் அந்நியம் அல்ல

இங்கேதான் பலர் தவறு விடுகிறார்கள். பட்டியலில் விளங்காத பெயர் ஒன்றைக் கண்டவுடன் திருடன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயர் நமது சொந்தக் கருவியினுடையதாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

ஒன்று, பல கருவிகள் தமது வணிகப் பெயரைச் சொல்வதில்லை. உள்ளே இருக்கும் சில்லைச் செய்த நிறுவனத்தின் பெயரையே சொல்கின்றன. வை-ஃபையில் இயங்கும் மின்குமிழோ செருகியோ வாங்கியிருந்தால், பட்டியலில் சீனாவின் ஷங்காய் நகரிலுள்ள 'எஸ்பிரசிஃப்' நிறுவனத்தின் பெயர் தெரியலாம். அப்படிப்பட்ட ஏராளமான பொருட்களில் இருப்பது அந்நிறுவனத்தின் சில்லுத்தான். தொலைக்காட்சி, பாதுகாப்புக் கமரா, அச்சுப் பொறி ஆகியவையும் இவ்வாறே விளங்காத பெயரோடு நிற்கும்.

இரண்டு, இன்றைய போன்கள் தமது உண்மையான குறியை மறைக்கின்றன. கடைகளும் விளம்பர நிறுவனங்களும் ஒருவரின் போனை இடத்துக்கு இடம் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக, 2019 இல் வந்த அன்ட்ரொயிட் 10 முதலும், 2020 இல் வந்த ஐபோனின் ஐஓஎஸ் 14 முதலும், போன்கள் வை-ஃபைக்கு வை-ஃபை வெவ்வேறான ஒரு போலி எண்ணைக் காட்டத் தொடங்கின. ஆகவே போனின் விபரப் பக்கத்தில் உள்ள எண்ணும் ரவுட்டர் காட்டும் எண்ணும் பொருந்தாமல் இருக்கலாம். இதை அறிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. பன்னிரண்டு எழுத்துகளில் இரண்டாவதைப் பாருங்கள். அது 2, 6 என்ற இலக்கங்களில் ஒன்றாகவோ, ஏ, ஈ என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றாகவோ இருந்தால், அது பெரும்பாலும் போன் தானாக உருவாக்கிய எண்ணாகும். அப்படிப்பட்ட எண்ணில் செய்த நிறுவனத்தைத் தேடிப் பயனில்லை. போனில் வை-ஃபை அமைப்புக்குள் சென்று, இணைந்திருக்கும் நமது வை-ஃபையின் பெயரைத் தொட்டால், அந்தப் போன் இப்போது காட்டிக்கொண்டிருக்கும் எண் தெரியும். அதனையே பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

மூன்று, சில ரவுட்டர்கள் போய்விட்ட கருவியையும் சிறிது காலம் பட்டியலில் வைத்திருக்கும். நேற்று வந்துபோன மாமாவின் போன் இன்றும் அங்கே தெரியலாம். ஒரே போன் பழைய எண்ணோடும் புதிய எண்ணோடும் இரண்டு தடவை தெரிவதும் உண்டு.

எண்ணும் முறை

1. ஒரு தாளில் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் எழுதுங்கள்: போன்கள், மடிக்கணினி, தொலைக்காட்சி, கமரா, அலைவீச்சைக் கூட்டும் பெட்டி. லாச்சிக்குள் கிடக்கும் பழைய போனையும் மறக்க வேண்டாம். சார்ஜ் இருந்தால் அதுவும் இணைந்திருக்கும்.

2. ரவுட்டரை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் இயக்குங்கள். பழைய பதிவுகள் பெரும்பாலும் நீங்கிவிடும்.

3. ஒரு போனைத் தவிர மற்ற எல்லாக் கருவிகளின் வை-ஃபையையும் நிறுத்துங்கள். தொலைக்காட்சியைச் செருகியிலிருந்தே கழற்றுங்கள். பட்டியலில் ஒன்று மட்டும் நிற்க வேண்டும்.

4. ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் பார்த்து, அந்த எண்ணுக்கு எதிரே யாருடையது என்று தாளில் எழுதுங்கள்.

5. எல்லாம் நிறுத்தப்பட்ட நிலையிலும் வேறொன்று நின்றால், அதுவே நமக்குத் தெரியாத கருவி. இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒரு தடவையும் பார்ப்பது நல்லது. பகலில் இல்லாதது இரவில் வரலாம்.

இதனோடு இன்னொன்றையும் பாருங்கள். டேட்டா கரைவதற்கு அந்நியர்தான் காரணம் என்று இல்லை. போனில் செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வது, எடுத்த படங்களும் வீடியோக்களும் தாமாக இணையச் சேமிப்புக்கு ஏறுவது, ஒரு வீடியோ முடிந்தவுடன் அடுத்தது தானாக ஓடுவது ஆகியவையும் பெருமளவு டேட்டாவைத் தின்னும். ஒவ்வொரு போனிலும் எந்தச் செயலி எவ்வளவு வை-ஃபை டேட்டா எடுத்தது என்ற கணக்கு இருக்கிறது. அதையும் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

அந்நியக் கருவி நுழைவது எவ்வாறு?

படங்களில் காட்டுவதுபோல எவரோ கணினி நிபுணர் உடைத்துக்கொண்டு வருவது அரிது. பெரும்பாலும் கதவை நாமே திறந்துவிடுகிறோம்.

வீட்டுக்கு வந்த உறவினரின் பிள்ளைக்குக் கடவுச்சொல் கொடுக்கிறோம். இன்றைய போன்களில் அந்த இணைப்பைச் சதுரக் கட்டங்கள் கொண்ட கியூஆர் குறியீடாகக் காட்டலாம். அந்தப் பிள்ளை தன் நண்பனுக்கு அதைக் காட்ட, அவன் இன்னொருவனுக்குக் காட்டுவான். கடவுச்சொல் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது; ஆனால் எல்லோரும் உள்ளே இருப்பார்கள். இதில் களவு எண்ணம் எதுவும் இல்லை.

இலவசமாக வை-ஃபை தருவதாகச் சொல்லும் சில செயலிகள், போனில் உள்ள கடவுச்சொற்களைப் பொதுச் சேமிப்பில் ஏற்றி மற்றவர்களுக்கும் கொடுக்கின்றன. அத்தகைய செயலியை வீட்டில் ஒருவர் போட்டிருந்தாலும் போதும். துடைக்காமல் விற்ற அல்லது திருத்தக் கொடுத்த போனிலும் நமது கடவுச்சொல் இருக்கும். தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைப்பது, படலையில் இலக்கத்தை எழுதி ஒட்டியது போலாகும்.

ரவுட்டரில் 'டபிள்யூ.பி.எஸ்.' என்ற ஒரு வசதி உண்டு. கடவுச்சொல் அடிக்காமல் பொத்தானாலோ எட்டு இலக்க எண்ணாலோ இணைக்க உதவுவது. அந்த எட்டு இலக்கத்தை ரவுட்டர் இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்க்கிறது என்பதும், அதனால் பத்துக் கோடி தடவை முயல வேண்டிய இடத்தில் சுமார் பதினோராயிரம் தடவை முயன்றாலே போதும் என்பதும் 2011 டிசம்பரில் வெளியாகின. சில மணித்தியாலங்களில் ஒரு மென்பொருள் அதைச் செய்துவிடும். பழைய ரவுட்டர் வைத்திருப்போர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பூட்டை மாற்றுதல்

தெரியாத கருவியைக் கண்டால் அதனைத் தடைப்பட்டியலில் போடும் வசதி பல ரவுட்டர்களில் இருக்கிறது. ஆனால் அது போதாது. போன் தன் எண்ணை மாற்றிக்கொள்ளக்கூடியது என்று மேலே கண்டோம். குறி மாறிய மாட்டைப் பழைய குறியைச் சொல்லித் தடுக்க முடியாது. பூட்டை மாற்றுவதே சரியான வழி. அதனை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

முதலில் ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். தொழிற்சாலையில் போட்டுவரும் கடவுச்சொல் பலருக்கும் தெரிந்த ஒன்றாகும். 2016 இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள், இவ்வாறு மாற்றாமல் விடப்பட்ட சுமார் அறுபது பொதுப் பெயர், கடவுச்சொல் சோடிகளை மட்டும் முயன்று, உலகெங்கும் இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 ஆம் திகதி அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலினால் அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பலவும் மணிக்கணக்கில் முடங்கின. அந்தக் கருவிகளின் சொந்தக்காரர்களுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவதாக வை-ஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். குறைந்தது பன்னிரண்டு எழுத்துகள் இருக்கட்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்து, இடையில் ஓரிரு இலக்கம் சேர்த்தால் ஞாபகம் வைப்பதும் எளிது; கண்டுபிடிப்பதும் கடினம். முருங்கை, தோணி, உரல், பனங்கிழங்கு என்பது போல. இதையே வைத்துவிடாதீர்கள், உங்கள் வீட்டுக்கு உரிய சொற்களை எடுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை இலக்கம் வேண்டாம்.

மூன்றாவதாகப் பூட்டின் வகையைப் பாருங்கள். 'டபிள்யூ.பி.ஏ. 3' இருந்தால் நல்லது. இல்லையேல் 'டபிள்யூ.பி.ஏ. 2' போதுமானது. 1997 இல் வந்த 'டபிள்யூ.ஈ.பி.' என்ற பழைய வகை 2001 இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. அதை வைக்கக் கூடாது. 'ஓப்பன்' என்று இருந்தால் கதவே இல்லை என்று பொருள்.

நான்காவதாக டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்துங்கள்.

ஐந்தாவதாக வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாகப் புதிய கடவுச்சொல்லோடு இணைத்து, மீண்டும் பட்டியலை எண்ணுங்கள். தாளில் உள்ள தொகையும் பட்டியலின் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றிய கடவுச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி, குடும்ப அட்டையோடு பத்திரப்படுத்துங்கள்.

மாற்றிய கடவுச்சொல் மறந்துபோனால், ரவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியால் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க, அடியில் அச்சிட்ட பழைய நிலைக்கு அது திரும்பும். அப்போது மேலே சொன்ன எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். இணைப்பு வராவிட்டால் உங்கள் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் இலக்கத்துக்குப் பேசுங்கள். இதைக் கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. அது அவர்களுடைய கடமை.

வீட்டில் ஒருவரைப் பற்றிய அவதூறோ மிரட்டலோ உங்கள் இணைப்பினூடாகச் சென்றதாகத் தெரியவந்தால், ரவுட்டரைத் துடைத்துவிடாதீர்கள். பட்டியலைப் படமெடுத்து, திகதியும் நேரமும் குறித்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். 2006 முதல் இயங்கிவரும் இலங்கை சேர்ட் அமைப்பிடமும் ஆலோசனை கேட்கலாம். அனுமதியின்றிப் பிறரின் கணினி அமைப்புக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.

அயலவரோடு பங்கிடுவது

"அப்படியானால் ஒருவருக்கும் கொடுக்கக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். முகாமில் ஒரே கிணற்றில் அள்ளி, ஒரே அடுப்பில் சமைத்து உயிர் பிழைத்தவர்கள் நாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க இணைப்புக் கேட்டால் இல்லையென்று சொல்வது நமது வழக்கமல்ல. அப்படிச் சொல்லவும் வேண்டியதில்லை. ஆனால் வாய்க்கால் தண்ணீரைக்கூட நாம் முறை வைத்துத்தானே பாய்ச்சுகிறோம். இதற்கும் முறை வேண்டும்.

பல ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று வேறொரு வை-ஃபையைத் திறக்கலாம். 'கெஸ்ட் நெற்வேர்க்' என்று அது குறிப்பிடப்பட்டிருக்கும். அதற்கு வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் இருக்கும். அதில் இணைபவருக்கு இணையம் கிடைக்கும். நமது வீட்டுக் கருவிகள் பொதுவாகத் தெரியாது. மாலை ஆறு முதல் எட்டு வரை படிப்புக்கு என்று நேரம் குறித்து, முடிந்ததும் அதனை நிறுத்திவிடலாம். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே இணைப்பை வைத்திருந்தால், செலவில் யாருக்கு எவ்வளவு, எத்தனை கருவிகள், யாருக்கும் கொடுக்கலாமா கூடாதா என்பதை முதலிலேயே பேசி எழுதி வையுங்கள். கணக்கு எழுதுவது நம்பிக்கையின்மை அல்ல; நம்பிக்கையைக் காப்பாற்றும் வழி அதுவே. ஆயினும், அவ்வாறு பங்கிட்ட இணைப்பில் நடப்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் சிம்முக்குச் சொந்தக்காரர் என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

பெண்கள் தனித்து நடத்தும் வீடுகளில் ரவுட்டரைச் சரிசெய்ய வெளியாரை அழைக்க நேரும்போது, அவர் அடித்த கடவுச்சொல்லை அவர் போனபின் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். இது எவரையும் அவமதிப்பதாகாது. பூட்டுத் திருத்தியவரிடம் சாவியையும் விட்டுவைப்பதில்லை அல்லவா?

மறுபடி இடம்பெயர நேர்ந்தால்

வெள்ளம் என்றாலும் வேறு காரணம் என்றாலும் திடீரெனப் புறப்பட நேரும்போது, அடையாள அட்டை, உறுதிப் பத்திரங்களோடு ரவுட்டரின் சிம் அட்டையையும் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பெயரில் உள்ள சிம் ஆளில்லாத வீட்டில் இயங்கிக்கொண்டிருக்கக் கூடாது. பெட்டி தொலைந்தாலோ, சிம் கைவிட்டுப் போனாலோ நிறுவனத்துக்கு அறிவித்து அதனை நிறுத்துங்கள். தங்குமிடத்தில் பலரோடு பங்கிட்ட கடவுச்சொல்லை, வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே மாற்றுங்கள். பிறர் பாவித்த ரவுட்டரை வாங்கினால் முதல் வேலையாக ஊசியால் அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எல்லாக் கடவுச்சொல்லையும் புதிதாக வையுங்கள்.

சண்டைக்கு முன் ஒரு தாள்

தொடக்கத்தில் கண்ட வீட்டுக்குத் திரும்புவோம். அவர்கள் வேலியோரம் போகாமல் தாளும் பேனாவும் எடுத்து எண்ணினால் என்ன தெரியக்கூடும்? ஆறில் மூன்று அவர்களின் போன். நான்காவது தொலைக்காட்சி. ஐந்தாவது, எண் மாறிய தகப்பனின் போன் விட்டுச்சென்ற பழைய பதிவு. ஆறாவது மட்டுமே வெளியார். அதுவும் வெள்ளாமை வெட்டு நாளில் வந்த மச்சானின் மகனுக்கு அவர்களே காட்டிய கியூஆர் குறியீட்டிலிருந்து கைமாறிப் போன ஒன்று. வேலியோரம் நின்ற பொடியன் தன் சொந்த டேட்டாவில்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கடவுச்சொல்லை மாற்றப் பத்து நிமிடம் போதும். தவறாகச் சொன்ன ஒரு சொல்லைத் திருப்பி எடுக்கப் பத்து ஆண்டும் போதாமல் போகலாம்.

நூறு ஆடுகளில் ஒன்று தவறியதை அறிந்த மேய்ப்பனின் உவமையை நாம் கேட்டிருக்கிறோம். அவன் தன் மந்தையை எண்ணி வைத்திருந்தபடியால்தான் அதை அறிந்தான். நமது மாடுகளின் குறியும், வயலின் எல்லையும் நமக்குத் தெரியும். அதேபோல நமது வீட்டு வலையமைப்பில் எத்தனை கருவிகள் உள்ளன என்பதும் தெரிந்திருக்கட்டும். மாதம் ஒருமுறை, டேட்டா போடும் நாளிலேயே, பிள்ளைகளோடு இருந்து ஒருதரம் எண்ணிப் பாருங்கள்.